ஊரைக் கேட்பது எப்படி: கூட்டமா, வாட்ஸ்அப்பா, வீட்டுப்படியா, கோலப்பொடியா?

சென்னையில் நாங்கள் குடியிருக்கும் நகரில் பூங்காவுக்கு வேலி போட முடிவெடுத்தபோது குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொதுக்குழுவில் 38 பேர் கை தூக்கினார்கள். எதிர்த்து ஒரு கை இல்லை. மினிட் புத்தகத்தில் 'ஏகமனதாக' என்று நானே எழுதினேன். வேலி போட்டு ஆறு மாதம் ஆவதற்குள் தெற்கு மூலையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கம்பியை யாரோ வெட்டியிருந்தார்கள். சரி செய்தோம். மறுபடி வெட்டினார்கள். மூன்றாவது முறை வந்த வெல்டர் வேலையைத் தொடங்காமல் கேட்டார்: "சார், இந்த வழியா யார் போறாங்கன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அப்புறம் பார்த்தோம். பின்தெருவில் இருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகும் குறுக்கு வழி அது. அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் காலையில் அந்த வழியாகத்தான் வருகிறார்கள். மதியம் அங்கிருக்கும் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். நாங்களோ காலை பத்து மணிக்குப் பூட்டி மாலை நாலு மணிக்குத் திறந்துகொண்டிருந்தோம். அந்தப் பெண்களில் ஒருவரும் சங்க உறுப்பினர் இல்லை. பொதுக்குழுவில் கேட்காத கருத்தை அவர்கள் கம்பியில் பதிவு செய்திருந்தார்கள்.

இது நடந்து சில வருடங்கள் கழித்து, பகுதி முழுவதற்கும் ஐந்தாண்டு வேலைப்பட்டியல் ஒன்று தயாரித்து கவுன்சிலரிடமும் வார்டு பொறியாளரிடமும் கொடுக்கலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. மழைநீர் வடிகால், நடைபாதை, தெருவிளக்கு, ஏரிக்கரை, அங்கன்வாடி எல்லாம் அதில் வரும். 11 தெரு, சுமார் 600 வீடு. இந்த முறை மக்களை எப்படிக் கேட்பது என்பதில் கமிட்டிக்குள்ளேயே சண்டை. ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்ததிலும், மற்ற பகுதிச் சங்கத்து நண்பர்களிடம் பேசியதிலும் எனக்குப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன். இதே தலைவலியில் இருக்கும் வேறு சங்கங்களுக்கு உதவலாம்.

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. எதை மக்கள் முடிவு செய்ய முடியும், எதை முடியாது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். டெண்டர் விட்டு முடிந்த சாலையைப் பற்றிக் கருத்துக் கேட்பது மக்களை ஏமாற்றுவது. வடிகால் எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பதைக் கை தூக்கி முடிவு செய்ய முடியாது. தண்ணீர் ஓட்டுப் பார்த்து ஓடாது. ஆனால் எந்த வீட்டு வாசலில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்பது பொறியாளருக்குத் தெரியாது, அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். நடைபாதையா, வண்டி நிறுத்துமிடமா? பூங்காவை எத்தனை மணிக்குத் திறப்பது? எந்தத் தெருவில் முதலில் வேலை தொடங்குவது? இவை மக்கள் முடிவு செய்யக்கூடியவை. முடிந்துபோனது, பொறியாளர் வேலை, மக்கள் முடிவு என்ற இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு போனால் எந்த முறையும் உருப்படாது.

பொதுக்குழு

பெரும்பாலான சங்கங்களுக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்த சங்கம் ஆண்டுப் பொதுக்குழு நடத்தியே ஆக வேண்டும். நாற்காலி, மைக், டீ, போண்டா, கணக்கு வாசிப்பு என்று எப்படியும் கூடுகிறோம், அங்கேயே திட்டத்தையும் பேசிவிடலாமே என்பார்கள்.

ஒரு கணக்குப் போடுங்கள். 100 பேர், இரண்டு மணி நேரம். எல்லோரும் பேசினால் ஆளுக்கு ஒரு நிமிடமும் சில நொடிகளும்தான். நடப்பது அதுவும் இல்லை. நாலு பேர் ஆளுக்கு இருபது நிமிடம் பேசுவார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற அதிகாரி, ஒருவர் தலைவர் பதவியை எதிர்பார்ப்பவர், மற்ற இருவரும் பழைய பகையைத் தீர்க்க வந்தவர்கள். பெண்கள் பின்வரிசையில் இருந்து போண்டா தீர்வதற்குள் கிளம்பிவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை உறுப்பினர் பட்டியலில் இருக்கிறது. பல சங்கங்களின் விதிப்படி வீட்டு உரிமையாளர்தான் உறுப்பினர். அமெரிக்காவில் இருக்கும் உரிமையாளருக்கு ஓட்டு உண்டு. அவர் வீட்டில் பத்து வருடமாகக் குடியிருந்து தினமும் அந்தத் தெருவில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் வாடகைதாரருக்குக் கிடையாது. இஸ்திரி வண்டிக்காரர், வாட்ச்மேன், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் எல்லாம் கணக்கிலேயே இல்லை.

அதற்காகப் பொதுக்குழுவை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. தீர்மானம் போடுவதற்கு அதுதான் இடம். மண்டல அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது பொதுக்குழுத் தீர்மான நகல் இருந்தால் அதற்கு ஒரு கனம் உண்டு. மற்ற வழிகளில் கேட்டு முடித்ததை இங்கே கொண்டுவந்து முத்திரை குத்தலாம். இங்கேயே கேட்கத் தொடங்கினால் வேலிதான் கிடைக்கும்.

வாட்ஸ்அப்பும் ஃபார்மும்

இளைஞர் அணி சொன்ன வழி. செலவு இல்லை, ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். 12 விருப்பங்கள் வரை கொடுத்து ஓட்டெடுப்பு நடத்தலாம். நடத்தினோம். மறுநாள் காலை வரை ஓட்டு வந்தது, அப்புறம் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துவிட்டது.

அது எந்த வீட்டையும் கேட்காது, ஃபோனைத்தான் கேட்கும். எங்கள் குழுவில் பெரும்பாலும் வீட்டுக்கு ஓர் எண், அதுவும் வீட்டு ஆணின் எண். 'தெருவிளக்கு போதுமா?' என்ற கேள்விக்கு ராத்திரி காரில் வீடு திரும்புகிறவர் 'போதும்' என்று அழுத்திவிட்டார். எட்டு மணிக்கு டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் அவர் மகளை யார் கேட்டது?

கூகுள் ஃபார்மும் ஏறக்குறைய இதே கதைதான், கொஞ்சம் மரியாதையாக இருக்கும், அவ்வளவே. தமிழிலும் போட்டால் பதில் கூடும். பத்து கேள்விக்கு மேல் போனால் பாதியில் விட்டுவிடுவார்கள். 'வேறு கருத்து' என்ற கட்டத்தில் 'நன்றி' என்று எழுதி அனுப்புவார்கள்.

தகவல் சொல்ல வாட்ஸ்அப்பை மிஞ்ச ஒன்றும் இல்லை. கூட்டம் எங்கே, எப்போது, பட்டியலில் என்ன மாறியது என்பதற்கெல்லாம் அது போதும். முடிவெடுக்க மட்டும் வேண்டாம்.

ஏரியா சபை

எங்கள் பகுதி 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே வந்தது. அன்று சேர்ந்த 42 உள்ளாட்சிகளில் 25 ஊராட்சிகள். அதனால் இங்கே வயதானவர்களுக்குக் கிராம சபை என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். மாநகராட்சி ஆனதும் அது போய்விட்டது. 'அப்போ ஊராட்சித் தலைவரை மடக்கிக் கேள்வி கேட்டோம், இப்போ யாரைக் கேட்கிறது?' என்று ஒரு பெரியவர் இன்றும் புலம்புவார்.

அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டில் வார்டு கமிட்டிக்கும் ஏரியா சபைக்கும் விதிகள் வந்தது 2022-இல்தான். ஏறத்தாழ முப்பது வருடம் எடுத்துக்கொண்டோம். சென்னையில் ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு சபை, அதற்கு ஒரு பிரதிநிதி, கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டி என்பது ஏற்பாடு. பிரதிநிதி மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்ல, நியமிக்கப்படுபவர். இது எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் அங்கே வைக்கும் கோரிக்கை அரசு பதிவேட்டில் ஏறும். சங்கத்தின் கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

ஏரியா சபை அந்தப் பகுதி வாக்காளர்களுக்கானது. சங்கத்துக்குள் வர முடியாத வாடகைதாரரும் பின்தெருக்காரரும் இங்கே சமமாக வரலாம். அந்த வகையில் சங்கத்தைவிட இது அகலமான கதவு. என்ன சிக்கல் என்றால், கூட்டம் நடக்கும் விதம் பொதுக்குழு மாதிரியேதான். மனு கொடுக்க வரிசை, மேடையில் நாற்காலி, 'சீக்கிரம் சொல்லுங்கம்மா.' திட்டம் என்பதைவிட குறைகேட்பு நாள் என்றே மக்கள் நினைக்கிறார்கள். குப்பை லாரி வரவில்லை, நாய்த் தொல்லை என்பதற்கெல்லாம் மாநகராட்சியின் 1913 எண் இருக்கிறது. அந்தப் புகார்கள் சபையின் நேரத்தைத் தின்றுவிடுகின்றன.

கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது இதே சங்கடம் வந்திருக்கும். மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு என்று சொல்லிவிட்டு, எதற்குச் செலவழிப்பது என்று கிராம சபையைக் கேட்டார்கள். பெருங்கூட்டத்தில் யோசனை பிறக்காது என்பதை உணர்ந்து, தொடக்க உரை முடிந்ததும் விவசாயம், குடிநீர், கல்வி, பெண்கள் நலம் என்று சின்னக் குழுக்களாகப் பிரித்து உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சி பெற்ற ஒருவர், கேட்க வேண்டிய கேள்விகள் அவர் கையில். எங்கள் 100 பேரையும் பத்துப் பத்தாகப் பிரித்தால் அதே இரண்டு மணி நேரத்தில் ஆளுக்கு 12 நிமிடம் கிடைக்கும். மைக் வாடகையும் மிச்சம். பொதுக்குழுவிலோ ஏரியா சபையிலோ ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

வீடு வீடாக

உண்மையான பதில் வேண்டுமென்றால் வீட்டுப்படி ஏறத்தான் வேண்டும். ஆனால் முதலில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் பேசக் குறைந்தது பதினைந்து நிமிடம். இரண்டு பேர் கொண்ட ஒரு ஜோடி ஒரு சாயங்காலத்தில் எட்டு வீடு பார்க்கலாம், காபி குடிக்கச் சொல்லாமல் விட்டால். ஐந்து ஜோடி என்றால் நாளுக்கு 40 வீடு. 600 வீட்டுக்கு 15 சாயங்காலம். எந்தச் சங்கத்திலும் பத்துப் பேர் பதினைந்து நாள் தொடர்ந்து வரமாட்டார்கள். நாலாவது நாள் ஐந்து பேர்தான் இருப்பார்கள், அதிலும் ஒருவருக்கு முழங்கால் வலி.

அதனால் நாலு வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுங்கள். 150 வீடு, நாலு நாளில் முடியும். தெருவின் தொடக்கத்தில் இருந்து எண்ணி ஒவ்வொரு நாலாவது கதவையும் தட்ட வேண்டும். பூட்டியிருந்தால் இன்னொரு நாள் போக வேண்டும். தெரிந்த வீடாகப் பார்த்து நுழைந்தால் பிறகு பொதுக்குழுவே போதும். அடுக்குமாடியை ஒரே வீடாக எண்ணக் கூடாது, ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கணக்கு. மாடியில் தகரக் கொட்டகையில் குடியிருப்பவரும் ஒரு வீடுதான்.

போகும் ஜோடியில் ஒரு பெண் கட்டாயம் வேண்டும். கதவைத் திறப்பது பெரும்பாலும் பெண். இரண்டு ஆண்கள் நின்றால் "அவர் வந்ததும் சொல்றேன் சார்" என்று கதவு மூடிக்கொள்ளும். எங்கள் கமிட்டியில் ஒரு அக்கா இருக்கிறார், சுயஉதவிக் குழுவில் பல வருடம் கணக்கு எழுதியவர். அவர் போனால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அவர் எடுத்த எடுப்பில் 'உங்கள் தேவை என்ன?' என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் வேலை வாங்கித் தரச் சொல்வார்கள். "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று தொடங்குவார். சென்னையில் இந்தக் கேள்விக்கு வாய் திறக்காத ஆளே கிடையாது. சுவரில் கறை இருந்த உயரத்தைக் கையால் காட்டுவார்கள். '2023-ல மிக்ஜாம் புயலுக்கு அதைவிட ஒரு சாண் அதிகம்' என்பார்கள். எந்தப் பக்கம் இருந்து வந்தது, எந்த மதகு அடைத்திருந்தது, யார் படகு கொண்டுவந்தார்கள் என்று பேச்சு தானே வடிகாலுக்கு வந்துவிடும்.

வீடு வீடாகப் போவதில் ஒரு குறையும் உண்டு. ஒவ்வொருவரும் தன் வாசலைப் பற்றித்தான் பேசுவார். எதிர்வீட்டுக்காரர் மேடு போட்டதால்தான் என் வீட்டில் தண்ணீர் என்று இவர் சொல்வார். எதிர்வீட்டுக்காரர் வேறு சொல்வார். இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பேசவைக்க இந்த முறையால் முடியாது.

தரையில் ஒரு வரைபடம்

அதற்குத்தான் கோலப்பொடி. கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். எங்கள் பொருளாளர் முதலில் சிரித்தார். ஆனால் இது கிராம வளர்ச்சி வேலை செய்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த முறை. 1990-களில் இந்தியக் கிராமங்களில் மக்களே தங்கள் ஊரைத் தரையில் பொடியால் வரைந்து, கிணறு எங்கே, ஓடை எங்கே, யார் வீட்டில் எத்தனை மாடு என்று விதையும் கல்லும் வைத்துக் காட்டும் பழக்கம் பரவியது. நகரத்துச் சங்கங்கள்தான் இதை எடுத்துக்கொள்ளவே இல்லை. நமக்கு புரொஜெக்டர் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி, வண்டி அதிகம் வராத ஒரு தெருமுனை. பிரதான சாலையையும் ஏரியையும் மட்டும் நாங்கள் கோடாகப் போட்டோம். மீதியை வந்தவர்கள் வரைய வேண்டும். ஐந்து நிமிடம் யாரும் அசையவில்லை. அப்புறம் ஒரு பாட்டி, "என்னடா கோணலா போட்டிருக்கீங்க, ஏரி அங்கிட்டுல்ல இருக்கு" என்று பொடியை வாங்கினார். அவ்வளவுதான். தினமும் வாசலில் குனிந்து கோலம் போடும் கைகளுக்கு இது புது வேலையா என்ன? ஆண்கள் சுற்றி நின்று கையைக் காட்ட, பெண்கள் வரைந்தார்கள். மைக் முன்னால் வாய் திறக்காதவர்கள் பொடியோடு சத்தமாகத் திருத்தினார்கள். எதிரும் புதிருமான அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே கோட்டின் மேல் நின்று சண்டை போட்டார்கள். பதினைந்து நிமிடத்தில், மேடு போட்டவரும் அல்ல மற்றவரும் அல்ல, சாலையைச் சுரண்டாமல் மேலேமேலே தார் போட்டதுதான் காரணம் என்று இருவரும் சேர்ந்து வேறு ஆளைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

வரைந்து முடிந்ததும் ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்தோம். எந்த இடத்தில் முதலில் வேலை நடக்க வேண்டுமோ அங்கே வையுங்கள், ஐந்தையும் ஒரே இடத்திலும் வைக்கலாம், பிரித்தும் வைக்கலாம். ஓட்டுச் சீட்டைவிட இது நல்லது, எவ்வளவு அழுத்தமாக வேண்டும் என்பதும் தெரிகிறது. சிறுவர்களுக்கும் ஐந்து கொடுத்தோம். அவர்கள் எல்லோரும் பூங்காவில் கொட்டினார்கள், அது எதிர்பார்த்ததுதான்.

ஆனால் இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. முதல் வழுக்கல், இடம். கோயில் மண்டபத்தில் வைத்தால் சிலர் வரமாட்டார்கள். அடுக்குமாடி கிளப் ஹவுஸில் வைத்தால் வாட்ச்மேனைத் தாண்டி வெளியாட்கள் வரமாட்டார்கள். தலைவர் வீட்டு வாசலில் வைத்தால் காலனிப் பக்கத்தில் இருந்து ஒருவரும் வரமாட்டார்கள். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். நாங்கள் நாலு இடத்தில் தனித்தனியாக வைத்தோம். ஒன்று ரேஷன் கடைக்கு எதிரே, ஒன்று காலனி அங்கன்வாடி வாசலில். நாலு படமும் ஒரே ஊருடையவையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வேறுவேறாக இருந்தன.

இரண்டாவது, பதிவு. பால் வண்டி வந்தால் படம் போய்விடும். முடிந்த கையோடு மாடியில் இருந்து ஃபோட்டோ எடுத்து, கொட்டைகளை எண்ணி, சார்ட் பேப்பரில் அங்கேயே நகல் எடுத்துவிட வேண்டும். மூன்றாவது, பொடி யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் ஊர் என்று ஆகிவிடும் ஆபத்து. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றச் சொல்லி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நடந்து பார்ப்பது

இதைத் தனி முறை என்று நான் சொல்லமாட்டேன், தரைப்படத்துக்கு மறுநாள் செய்ய வேண்டிய வேலை. பத்துப் பதினைந்து பேர், ஒரு அளவு டேப், ஒரு நோட்டு. நடைபாதையின் அகலம் 1.8 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். எங்கள் பகுதியில் டேப் வைத்தால் மின்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே 60 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரோடு ஒருமுறை நடந்தால் போதும், அதன்பின் யாரும் நடைபாதை தேவையா என்று விவாதிக்கமாட்டார்கள். இரவு எட்டு மணிக்குப் பெண்கள் மட்டும் ஒரு நடை போனார்கள். வாட்ஸ்அப்பில் 'போதும்' என்று ஓட்டு விழுந்த விளக்குகளில் ஏழு எரியவில்லை.

முடிந்தால் உதவிப் பொறியாளரையும் கூப்பிடுங்கள். அலுவலக மேசைக்கு எதிரே மனுவோடு நிற்பவரிடம் அவர் ஒரு மாதிரி பேசுவார். சேற்றில் கூடவே நிற்பவரிடம் வேறு மாதிரி பேசுவார்.

வெளியாட்களை அழைப்பது

கட்டிடக்கலைக் கல்லூரி மாணவர்களையோ தொண்டு நிறுவனத்தையோ அழைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வந்தால் நல்லது. அளவெடுத்து வரைந்து தருவார்கள், நம்மால் முடியாத வேலை அது. ஆனால் செமஸ்டர் முடிந்தால் அவர்களும் முடிந்தார்கள். அவர்கள் தரும் வண்ணப்படத்தில் எல்லாத் தெருவிலும் மரநிழலில் பெஞ்சு இருக்கும், இஸ்திரி வண்டி இருக்காது. கேட்கும் வேலையை நாம் செய்துவிட்டு, வரையும் வேலைக்கு மட்டும் அழைப்பது உத்தமம்.

இஸ்திரி வண்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. தெருவோரக் கடைகளைப் பற்றிச் சங்கம் தானாக ஒரு முடிவும் எடுத்துவிட முடியாது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகள். 'தள்ளுவண்டிகளை அப்புறப்படுத்த வேண்டும்' என்று தீர்மானம் போடும் சங்கங்கள் இதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

பணம் கொடுப்பவர் குரல்

அரசும் மக்களும் சேர்ந்து பணம் போடும் நமக்கு நாமே திட்டத்தில் வேலை கேட்டால் மக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒரு பாகம் இருக்க வேண்டும். நல்ல திட்டம், வேலையும் சீக்கிரம் நடக்கிறது. ஆனால் பெரிய தொகை கொடுத்தவர் தன் தெருவுக்கு முதலில் வேண்டும் என்பார், பெயர்ப் பலகையும் கேட்பார். எங்களுக்குத் தெரிந்த ஒரு பகுதியில் இப்படித்தான் மேட்டுத் தெருவுக்குச் சிமெண்ட் கல் பதித்தார்கள், தண்ணீர் நிற்கும் பள்ளத் தெரு அப்படியே கிடக்கிறது. பட்டியலை முதலில் ஊர் முடிவு செய்யட்டும், வசூல் அப்புறம். இந்த வரிசை மாறினால் மேலே சொன்ன எந்த முறையும் வெறும் சடங்குதான்.

எந்தச் சங்கத்துக்கு எது?

எல்லாம் ஒரே அடுக்குமாடி வளாகம், எல்லோரும் ஏறக்குறைய ஒரே வசதிக்காரர்கள் என்றால் ஃபார்மும், குழுவாகப் பிரித்து நடத்தும் ஒரு கூட்டமும் போதும். வேலை செய்ய உள்ளே வருபவர்களைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தனி வீடு, அடுக்குமாடி, காலனி, கடைத்தெரு என்று கலந்த பகுதி என்றால் தரைப்படம் இல்லாமல் தொடங்காதீர்கள். குறைந்தது மூன்று இடத்தில் வைக்க வேண்டும். ஆள் பலம் இருந்தால் நாலுக்கு ஒரு வீடு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் தரைப்படத்தையே எடுப்பேன். வீட்டுக் கணக்கெடுப்பில் கிடைக்கும் எண்கள் மனுவுக்கு அழகு, ஆனால் எதிரும் புதிருமானவர்களை ஒன்றாக நிறுத்துவது தரைதான். மாஸ்டர் பிளான் போன்ற பெரிய விஷயம் என்றால் கதை வேறு. வரைவு வெளியானபின் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் சட்டத்தில் இருக்கிறது. அங்கே எழுத்தில், சர்வே எண்ணோடு கொடுப்பதுதான் செல்லும். புளியங்கொட்டை அங்கே வேலைக்கு ஆகாது.

எங்கள் கதைக்கு வருகிறேன். நாலு இடத்தில் தரைப்படம், 150 வீடு, இரண்டு நடை. இரண்டு மாதம் ஆனது. செலவு பெரும்பாலும் சார்ட் பேப்பரும் டீயும்தான். பட்டியலைப் பொதுக்குழுவில் தீர்மானமாக்கி ஏரியா சபையில் வைத்தோம். கமிட்டி எதிர்பார்த்த பூங்கா நீரூற்று கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தது. முதல் இடம் ஏரி நிரம்பி வழியும் கலங்கலுக்கு அருகே அடைத்துக்கிடக்கும் ஒரு சிறு பாலத்துக்கு. அந்தப் பெயரை எங்கள் கமிட்டிக் கூட்டத்தில் யாரும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

முடிவை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம். நீங்கள் சொன்னது என்ன, பட்டியலில் ஏறியது என்ன, ஏறாதது ஏன், யாரிடம் கொடுத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை மாற்றி ஒட்ட வேண்டும் என்று பேச்சு. இரண்டு மாதம் தவறிவிட்டது, உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா. தவறிய மாதத்தில் வாட்ஸ்அப்பில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ரேஷன் வரிசையில் நின்ற பெண்கள் கேட்டார்கள்.

சிறு பாலம் இன்னும் நடக்கவில்லை, மதிப்பீடு தயாராவதாகச் சொல்கிறார்கள். அதுவரை கையில் இருந்த ஒரே வேலையைச் செய்தோம். காலனித் தரைப்படத்தில் வேலியின் தெற்கு மூலையில் மட்டும் 41 கொட்டைகள் விழுந்திருந்தன. அதே வெல்டரைக் கூப்பிட்டு, வெட்டியிருந்த இடத்திலேயே ஒரு சின்னத் திட்டிவாசல் வைக்கச் சொன்னோம். பூட்டுக்கு வளையம் வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.